பிறப்பு, இறப்பு, அடக்கப் பதிவேடுகளில் 19ஆம் நூற்றாண்டு முன்னோரைத் தேடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேடலைப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டுமா, இறப்பிலிருந்து தொடங்க வேண்டுமா?

இறப்பிலிருந்து தொடங்குவதே நல்லது. பிறந்த குழந்தையைப் பற்றிப் பதிவாளரால் எழுத முடிந்தது மிகக் குறைவு: பெற்றோர், இடம், தேதி, பெயர் வைத்திருந்தால் பெயர். இறந்தவரைப் பற்றிய வரியிலோ வயது, தொழில், கடைசி முகவரி, இறப்பின் காரணம், தகவல் தந்தவர் யார் என்பதெல்லாம் சேர்ந்து வரும். மணமான பெண் என்றால் இங்கிலாந்தில் தொழில் எழுதும் கட்டத்தில் இன்னாரின் மனைவி அல்லது கைம்பெண் என்று கணவரின் பெயரும் தொழிலும் இடம்பெறும். இந்த விவரங்களை வைத்துக்கொண்டு முன்னுள்ள ஆண்டுகளுக்குச் சென்றால், ஒரே பெயருடைய பலரில் நம்மவரைப் பிரித்தறிய முடியும். பிறப்பிலிருந்து தொடங்குபவரிடம் ஒரு பெயரும் தோராயமான ஓர் ஆண்டும் மட்டுமே இருக்கும். பொருந்துவதுபோல் தோன்றும் முதல் குழந்தையையே அவர் தம் முன்னோராக ஏற்றுக்கொண்டுவிடுவார்.

எந்தப் பதிவை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தகவலைச் சொன்னவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும்? கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியையே பல கோணங்களிலிருந்து கேட்பவை.

அக்காலத்தில் எல்லாப் பிறப்பும் இறப்பும் அரசிடம் பதிவாயினவா?

இல்லை. அரசுப் பதிவு தொடங்கிய ஆண்டு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரான்சில் 1792இலும் நெதர்லாந்தின் பெரும்பகுதியில் 1811இலும் தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 அன்றும், ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 அன்றும், அயர்லாந்தில் 1864 ஜனவரி 1 அன்றும் நடைமுறைக்கு வந்தது. பிரஷ்யாவில் 1874இலும், ஜெர்மானியப் பேரரசு முழுவதிலும் 1876இலும் வந்தது. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு குடியேற்றமும் தனித்தனியே தொடங்கிற்று: டாஸ்மேனியா 1838, விக்டோரியா 1853, நியூ சவுத் வேல்ஸ் 1856. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் 1841இலேயே தொடங்கிவிட்டாலும், பல மாநிலங்கள் 20ஆம் நூற்றாண்டுவரை காத்திருந்தன. இந்தியாவில் 1886ஆம் ஆண்டுச் சட்டம் பதிவுக்கு வழி செய்ததே தவிர, பொதுமக்கள் அனைவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டம் வந்த நாளிலிருந்தே பதிவு முழுமையாகிவிட்டது என்றும் கொள்ளலாகாது. இங்கிலாந்தில் தொடக்கத்தில் தகவலைத் தேடிச் சென்று எழுதும் பொறுப்பு பதிவாளருடையதாக இருந்தது. 1874ஆம் ஆண்டுச் சட்டம் 1875இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தப் பொறுப்பு பெற்றோர்மீதும் உறவினர்மீதும் தண்டத்துடன் சுமத்தப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகளில், குறிப்பாகப் பெருநகரங்களில், விடுபட்ட பிறப்புகள் உண்டு. இறப்புகள் அந்த அளவுக்கு விடுபடவில்லை. உடலை அடக்கம் செய்யப் பதிவுச் சீட்டு ஒன்று வேண்டியிருந்ததே முதன்மைக் காரணம். இறப்பிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இது மற்றொரு நியாயம்.

பிறப்புப் பதிவு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று முடிவு செய்யலாமா?

உடனே முடிவு செய்ய வேண்டாம். பதிவு இருந்தும் கண்ணில் படாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் சில உள்ளன. இங்கிலாந்தின் பெயரடைவு (பதிவுகளின் பெயர்வரிசைப் பட்டியல்), நிகழ்வின் தேதியையன்றிப் பதிவின் தேதியைக் கொண்டு காலாண்டு வாரியாக அமைந்தது. பதிவுக்கு 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் இருக்கக்கூடும். பெயர் வைக்கும் முன்பே பதிந்திருந்தால், அடைவில் ஆண் என்றோ பெண் என்றோ மட்டும் குடும்பப் பெயரின் கடைசியில் காணப்படும். பெற்றோர் மணம் புரியாதவராக இருந்தால் குழந்தை தாயின் குடும்பப் பெயரில் இருக்கும். 1875க்குப் பிறகு தந்தை நேரில் வந்து தாயுடன் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயர் அங்கே எழுதப்பட்டது.

பிறந்த தேதியே மாற்றிச் சொல்லப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. அவகாசம் கடந்துவிட்டால் தண்டம் கட்ட நேருமே என்று அஞ்சிய பெற்றோர், குழந்தையின் வயதைச் சில வாரங்கள் குறைத்துச் சொன்னார்கள். ஆகவே ஒரு குழந்தை பதிவேட்டின்படி பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றதாகத் தெரிந்தால் திகைக்க வேண்டியதில்லை. தேவாலயத் தேதியை நம்பலாம்.

அரசுப் பதிவு உண்மையிலேயே இல்லையெனில் சமயப் பதிவேடுகளையே நாட வேண்டும். சுவீடனைச் சேர்ந்த முன்னோரைத் தேடுபவர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். அங்குள்ள குருமார் வீட்டு வாரியாகக் குடும்பங்களின் பேரேட்டைப் பராமரித்து, பிறந்த நாள், பிறந்த பங்கு (தேவாலய வட்டாரம்), எங்கிருந்து வந்தார், எங்கே போனார் என்பவற்றையெல்லாம் ஒரே பக்கத்தில் குறித்து வைத்தார்கள்.

ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாகக் கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. கத்தோலிக்கக் குடும்பங்களில் இடைவெளி பெரும்பாலும் சில நாள்களே. பிற சபைகளில் அது மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ இருக்கலாம். ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் நான்கைந்து பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அவர்கள் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் அல்லர். இங்கிலாந்தில் 1813 முதல் பயன்பட்ட அச்சிட்ட படிவத்தில் பிறந்த தேதிக்குக் கட்டமே கிடையாது. அக்கறையுள்ள குருவானவர் சிலர் ஓரத்தில் எழுதி வைத்தனர். குவேக்கர் சபையாருக்கு ஞானஸ்நானமே கிடையாது என்பதால் அவர்கள் பிறப்பையே நேரடியாகப் பதிந்தார்கள்; மாதத்தைப் பெயரால் சுட்டாமல் எண்ணால் குறித்தார்கள்.

இறப்புப் பதிவில் உள்ள வயதை எவ்வளவு நம்பலாம்?

இறந்தவர் தம் வயதைச் சொல்ல அங்கே இல்லை. சொன்னவர் மனைவியாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், அடுத்த வீட்டுக்காரராகவோ மருத்துவமனைப் பொறுப்பாளராகவோகூட இருக்கலாம். கையெழுத்துக்குப் பதிலாக X குறி இருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது. எழுத்தர் எழுதியதைச் சரிபார்க்கவும் அவரால் முடிந்திராது. 50, 60, 70 போன்ற முழு எண்கள் அளவுக்கு மீறி வருவதைப் பழைய பதிவேடுகளைப் புரட்டிய எவரும் அறிவர். முதியவர்களின் வயதைக் கூட்டிச் சொல்வதில் குடும்பத்தாருக்கு ஒரு பெருமையும் இருந்தது. இங்கிலாந்தின் 1841ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு இந்த வயதைச் சரிபார்க்க முயல்பவர்கள் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி அப்போது அறிவுறுத்தப்பட்டிருந்தது.

கணக்கையும் கவனமாகப் போட வேண்டும். 1871 மார்ச் 10 அன்று 60 வயதில் ஒருவர் இறந்தார் என்றால், அந்த வயது சரியானதாகவே இருந்தாலும், அவர் 1810 மார்ச் 11க்கும் 1811 மார்ச் 10க்கும் இடையே பிறந்திருக்க வேண்டும். 1811 என்று மட்டும் தேடினால் வாய்ப்பின் பெரும்பகுதி கைநழுவும். கல்லறைக் கல்லில் வயதின் 60ஆவது ஆண்டில் மறைந்தார் என்று பொறித்திருந்தால் அவருக்கு நிறைந்தது 59 மட்டுமே. நடைமுறையில், கணக்கில் வரும் ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்தாண்டுகள் தேடுவதை நான் குறைந்தபட்சமாகக் கருதுகிறேன்.

ஒரே ஊரில், ஒரே பெயரில், ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் இரண்டு பிறப்புகள் இருக்கின்றன. எங்கள் முன்னோர் யார் என்று எப்படித் தீர்மானிப்பது?

தவறான குடும்ப வரலாறுகளுள் கணிசமானவை இந்த இடத்தில்தான் உருவாகின்றன. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில், இரண்டு குழந்தைகளும் வளர்ந்து ஆளானார்களா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 150 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. நெரிசலான தொழில் நகரங்களில் நிலைமை இன்னும் மோசம். எனவே பொருத்தமான பிறப்பு ஒன்றைக் கண்டவுடன், அதே பெயரில் அடுத்த பத்தாண்டுகளின் இறப்பு அடைவையும் அடக்கப் பதிவேட்டையும் வரி விடாமல் படிக்க வேண்டும். அந்தக் குழந்தை இரண்டு வயதில் அடக்கம் செய்யப்பட்டிருந்தால் அது யாருக்கும் மூதாதையாக இருக்க முடியாது. எளிய சோதனைதான், ஆனால் பலர் செய்வதில்லை.

இறந்துபோன குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு வைப்பதும் அக்காலத்தில் பரவலாக இருந்தது. ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு, ஏன் மூன்று பிறப்புகள்கூட இருக்கலாம். அத்தகைய இடத்தில் கடைசியாகப் பிறந்தவரே பெரும்பாலும் நமக்கு வேண்டியவர்.

இருவருமே உயிரோடு வளர்ந்திருந்தால், இருவருடைய வாழ்க்கையையும் இறுதிவரை தொடர வேண்டும். வேண்டாதவரின் திருமணம், பிள்ளைகள், இறப்பு ஆகியவற்றைத் தேடுவது வீண் வேலையாகத் தோன்றும். ஆயினும் அவர் வேறோர் ஊரில் வேறொருத்தியை மணந்து வாழ்ந்து இறந்தார் என்று காட்டிவிட்டால், எஞ்சியவர் நம்மவர் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. தந்தையின் தொழில், ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் சாட்சியாக நின்றோர், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் ஆகிய மூன்றும் இத்தகைய வழக்குகளைத் தீர்த்து வைக்கும். இங்கிலாந்தின் பழைய பிறப்பு அடைவில் தாயின் குடும்பப் பெயர் 1911இலிருந்துதான் அச்சாயிற்று. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அடைவில் அது 1837 வரை பின்னோக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் முட்டுக்கட்டையாக இருந்த சிக்கல்கள் இந்த ஒரு சேர்க்கையால் அவிழ்ந்தன.

ஸ்காட்லாந்து இதில் தனிச் சிறப்புடையது. அங்கே இறப்புப் பதிவிலேயே தந்தையின் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் உண்டு. விக்டோரியாவின் இறப்புப் பதிவு இன்னும் தாராளமானது: பெற்றோர், பிறந்த இடம், திருமணம், பிள்ளைகள், குடியேற்றத்தில் வாழ்ந்த காலம், அடக்கம் செய்த இடம் என ஒரு சிறு வரலாறே அதில் இருக்கும். என்றாலும் இவை துக்கத்தில் இருந்த பிள்ளையோ மருமகனோ நினைவிலிருந்து சொன்னவை. தாம் கண்டிராத பாட்டியின் பெயரை அவர்கள் பிழையாகச் சொல்லியிருக்கக்கூடும்.

இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கும்போது அடக்கப் பதிவேடு எதற்கு?

இங்கிலாந்தின் இறப்புச் சான்றிதழ் இறந்தவரின் பெற்றோரையும் சொல்லாது, அடக்கம் செய்த இடத்தையும் சொல்லாது. அடக்கப் பதிவேடு அந்த இடத்தைத் தருகிறது. இடம் தெரிந்தால் குடும்பம் தெரியவரும். மூன்று வகைப் பதிவுகளுள் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது இதுவே என்பது என் எண்ணம்.

தேவாலயத்தின் அடக்கப் பதிவேடு சுருக்கமானது. 1813க்குப் பிந்தைய படிவத்தில் பெயர், வசித்த இடம், அடக்க நாள், வயது, ஆராதனை நடத்தியவர் ஆகியவை மட்டுமே உள்ளன. இறந்த நாளும் உறவும் பெரும்பாலும் இரா. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய பெரிய கல்லறைத் தோட்டங்களின் ஏடுகளோ அலுவலக முறையில் எழுதப்பட்டவை. பாரிஸின் பேர் லாஷேஸ் 1804இல் திறக்கப்பட்டது. லண்டனில் கென்சல் கிரீன் 1833இலும் ஹைகேட் 1839இலும் வந்தன. இத்தகைய தோட்டங்களில் நாள்வாரியான ஏடு ஒன்று, குழிவாரியான ஏடு ஒன்று, குழியை விலைக்கு வாங்கியவர்களின் ஏடு ஒன்று என மூன்று இருக்கும். இணையத்தில் ஏறியிருப்பது பெரும்பாலும் முதலாவது மட்டுமே. குழி எண்ணை எழுதிக்கொண்டு மற்ற இரண்டையும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே குழியில் 30 ஆண்டு இடைவெளியில் அடக்கம் செய்யப்பட்ட ஐந்து பேரின் பெயர்கள் கிடைத்தால், மணமாகிப் பெயர் மாறிய மகளும், யார் என்றே தெரியாமலிருந்த மைத்துனரும் அங்கே வெளிப்படுவார்கள். குழியின் உரிமை பின்னர் யார் பெயருக்கு மாறியது என்பதும் உறவைக் காட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும். விலைக்கு வாங்காத பொதுக் குழியில், தொடர்பே இல்லாத பத்துக்கும் மேற்பட்டோர் சில நாள்களுக்குள் ஒருவர்மேல் ஒருவராக வைக்கப்பட்டனர். அந்தப் பட்டியலைக் குடும்பப் பட்டியல் என்று எண்ணிவிடக் கூடாது. தேதிகள் நெருக்கமாகவும் குடும்பப் பெயர்கள் வெவ்வேறாகவும் இருந்தால் அது பொதுக் குழிதான்.

இறந்து பிறந்த குழந்தைகளைப் பற்றிய தகவலும் அடக்க ஏட்டில்தான் கிடைக்கும். இங்கிலாந்தில் அத்தகைய பிறப்புகளை அரசு 1927 ஜூலை முதல்தான் பதிவு செய்யத் தொடங்கியது. ஆனால் கல்லறைத் தோட்டத்தின் எழுத்தர் அவற்றையும் எழுதி வைத்தார்.

ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டில் எங்கள் குடும்பத்தாரின் அடக்கங்கள் 1850களில் திடீரென நின்றுவிடுகின்றன. அவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்களா?

மூடப்பட்டது இடுகாடாக இருக்கலாம். காலராவும் இட நெருக்கடியும் சேர்ந்து இங்கிலாந்தில் 1852 முதல் 1857 வரை தொடர்ச்சியான அடக்கச் சட்டங்களைக் கொண்டுவந்தன; நகரங்களின் நடுவே இருந்த தேவாலய இடுகாடுகள் பல மூடப்பட்டு, ஊருக்கு வெளியே பொதுக் கல்லறைத் தோட்டங்கள் அமைந்தன. லண்டனில் இறந்தவர்களுக்காக 1854இல் திறக்கப்பட்ட புரூக்வுட் தோட்டத்துக்கு வாட்டர்லூவிலிருந்து தனி ரயிலே ஓடியது. ஆகவே குடும்பம் அதே தெருவில் இருந்துகொண்டு, இறந்தவரை மட்டும் தொலைவில் அடக்கம் செய்திருக்கும். அரச திருச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களாக இருந்தால் அவர்களுக்கெனத் தனி இடுகாடுகளும் இருந்தன; அச்சபைகளின் பழைய பதிவேடுகள் பல 1837க்குப் பிறகு அரசால் திரட்டப்பட்டு இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இறந்த நாளுக்கும் அடக்க நாளுக்கும் பல வாரங்கள் இடைவெளி இருக்கிறது. இது எழுத்துப் பிழையா?

வழக்கமான இடைவெளி ஒரு வாரத்துக்குள் இருக்கும். மரண விசாரணை நடந்திருந்தால் சில நாள் கூடும். அப்படியானால் சான்றிதழில் தகவல் தந்தவராக விசாரணை அதிகாரியின் பெயர் இருக்கும், உள்ளூர்ச் செய்தித்தாளிலும் செய்தி வந்திருக்கும். ஏழையர் விடுதியில் இறந்தவருக்கு மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் வேறொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் 1832ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம், உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு வழங்க அனுமதித்தது. அங்கே பயன்பட்ட பின்னரே அடக்கம் நடந்தது. தேடுபவர் இதைக் கேட்க விரும்பமாட்டார் என்றாலும், வறுமையில் இறந்த முன்னோரைப் பொறுத்தவரை இது நடந்திருக்கக்கூடியதே.

பதிவேடுகள் தீக்கிரையாகிவிட்டன என்கிறார்கள். இனி வழியில்லையா?

எரிந்தது எது, எரியாதது எது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். 1922இல் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, அயர்லாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன் சபை) பதிவேடுகள் பெருமளவில் அழிந்தன. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பின. அவற்றின் படங்கள் 2015 முதல் அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் வேறிடத்தில் இருந்தமையால் அழியவில்லை. பாரிஸில் நிலைமை கடுமையானது: 1871 மே மாதத் தீயில் 1860க்கு முந்தைய பதிவேடுகளின் இரு படிகளும் எரிந்தன, பிற்பாடு சுமார் மூன்றில் ஒரு பங்கே மீட்டமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஒரு பங்கில் மூலப் பதிவேடு இல்லையென்றால், ஆண்டுதோறும் ஆயருக்கு (பிஷப்) அனுப்பிய நகல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

முன்னோர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கடல் கடந்து போனவர் என்றால் எங்கே தேடுவது?

பிறந்த ஊரில் அவருடைய பிறப்புப் பதிவு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சென்று சேர்ந்த நாட்டில் தேட வேண்டும். 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் சென்றவர்களின் பட்டியல்கள் உள்ளன. நேட்டால் பட்டியலில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடல் அடையாளம் ஆகியவற்றுடன் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் உண்டு. பெயரின் எழுத்துகள் எப்படித் திரிந்தாலும் எண் திரிவதில்லை; பின்னாளில் பிள்ளைகளின் பிறப்பையும் அவருடைய இறப்பையும் தேடும்போது அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். மொரீஷியஸின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

குடும்பப் பெயரின் எழுத்துகள் ஒவ்வொரு பதிவிலும் வெவ்வேறாக உள்ளனவே?

எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். நிலையான எழுத்து என்ற எதிர்பார்ப்பு நம்முடையது, முன்னோருடையது அன்று. அடைவு தயாரித்தவர் பழைய கையெழுத்தைத் தவறாகப் படித்ததும் இதில் சேரும். ஆகவே முதலெழுத்தையே மாற்றிப் பாருங்கள். பெயரை விட்டுவிட்டு இடத்தையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடிப் பாருங்கள்.

சான்றிதழ் வாங்கினால் போதுமா, பதிவேட்டின் பக்கத்தையும் பார்க்க வேண்டுமா?

முடிந்தால் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்தில் உள்ளவை, வட்டாரப் பதிவாளர்கள் காலாண்டுக்கு ஒருமுறை எழுதியனுப்பிய நகல்கள். மூலம் வட்டாரத்தில்தான் இருக்கிறது. படியெடுக்கும்போது 3 என்பது 8 ஆனதும், தெருப் பெயர் மாறியதும் உண்டு. மேலும் சான்றிதழில் ஒரு வரி மட்டுமே வரும். பதிவேட்டின் பக்கத்தில் மேலும் கீழும் உள்ள வரிகளும் தெரியும்: அதே வாரத்தில் அதே வீட்டில் மற்றொரு குழந்தை இறந்திருக்கலாம், அதே தெருவில் கொள்ளைநோய் பரவியிருக்கலாம், இரட்டையரில் இன்னொருவரின் பதிவு அடுத்த வரியிலேயே இருக்கலாம். ஸ்காட்லாந்தின் பதிவாக இருந்தால் ஓரத்தில் திருத்தக் குறிப்பு உள்ளதா என்று பார்த்து, திருத்தங்களுக்கென வைத்திருக்கும் தனிப் பதிவேட்டின் பக்கத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். திடீர் மரணங்களில் உண்மையான காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கும்.